சுண்ணாம்பு நிலத்தில் பூங்கன்று

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் கன்று வாங்காத வீடு குறைவு. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்த பின் அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரும் கிடைத்தது. நல்லூர் சங்கிலியன் பூங்காவில் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கம் நடத்திவரும் ‘கார்த்திகை வாசம்’ மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போய்ச் சாடிகளோடு திரும்புகிறவர்கள் பலர். மார்கழியில் எந்தக் கன்றும் நன்றாகத்தான் இருக்கும். தை, மாசியிலும் குறை தெரியாது. வைகாசியில் சோளகம் எழும்பி, ஆனி ஆடியில் வெக்கை முற்றி, கிணறு அடியில் கிடக்கிற நாட்களில்தான் எது நிற்கும், எது போகும் என்பது தெளிவாகும். ஆண்டு முழுதும் பச்சையாக நின்று, வளவுக்கு அளவாக வளர்ந்து, முற்றத்துக்கு அழகு தரும் செற்றை மரங்கள் குடாநாட்டுக்கு எவை? அவற்றை எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்வியில் பூவின் நிறத்தையும் இலையின் வடிவத்தையும் விடக் கிணற்றுத் தண்ணீருக்கே பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. நாம் அதைக் கடைசியாகத்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. சில இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே அலவாங்கு கல்லில் முட்டும். ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் உயிர்பெறுவது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே ஊறிக் கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நாலு பெரும் நிலத்தடி நீர்ப்படுக்கைகள். நாம் பூங்கன்றுக்கு ஊற்றுவதும், தோட்டக்காரர் வெங்காயத்துக்கு இறைப்பதும், குடிப்பதும் எல்லாம் இந்த ஒரே படையிலிருந்துதான்.

சுண்ணாம்புக் கல்லினூடாக வந்த தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு பூச்சாடியின் விளிம்பிலும் படிகிறது. இதன் விளைவை அறிய எக்ஸோறாவைப் பார்த்தாலே போதும். கடையில் கரும்பச்சை இலையோடு நின்ற கன்று, வீட்டுக்கு வந்து ஒரு கோடை கழிவதற்குள் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிய நிற்கும். வீட்டுக்காரர் உரம் போதவில்லை என்று யூரியாவைப் போடுவார். கன்று இன்னும் வெளிறும். உண்மையில் இது இரும்புச்சத்துக் குறை. வலிகாமத்துச் செம்மண்ணின் நிறமே இரும்பின் நிறம். அப்படியிருந்தும் கன்று இரும்புக்குத் தவிக்கிறது. மண்ணும் நீரும் காரத்தன்மை கூடியிருக்கும்போது இரும்பு வேர் உறிஞ்ச முடியாத வடிவத்துக்குப் போய்விடுவதுதான் காரணம். இனங்காண ஒரு எளிய வழி உண்டு: தளிர் மஞ்சளாகி முதிர்ந்த இலை பச்சையாக இருந்தால் இரும்பை நினைக்க வேண்டும், முதிர்ந்த இலை முதலில் வெளிறினால் தழைச்சத்தை நினைக்கலாம். எக்ஸோறாவுக்கு அடுத்தபடி கார்டீனியாவும் சாடி றோசாவும் இந்த நோயில் விழுகின்றன. புதுவீட்டு மதிலோரம் நட்டால் பாடு இன்னும் மோசம், ஏனெனில் மேசன்மார் விட்டுப்போன சாந்தும் சீமெந்துக் கழிவும் அங்கேதான் புதைந்திருக்கும்.

மருந்து இருக்கிறது. அன்னபேதி என்று நாம் அறிந்த பெரசு சல்பேற்றை மண்ணில் தூவினால், சுண்ணாம்பு அதைச் சில நாளிலேயே முடக்கிவிடும். ஆகவே அதை நன்றாக ஐதாக்கி இலையில் தெளிப்பதே நல்லது. கூடிப்போனால் இலை கருகும் என்பதை மறக்கக்கூடாது. கடைகளில் கிடைக்கும் இரும்புக் கீலேற்றுகளில் ஈ.டி.டி.ஏ. வகை எங்கள் மண்ணில் அதிகம் நிலைப்பதில்லை. கார மண்ணிலும் தாக்குப்பிடிப்பது ஈ.டி.டி.எச்.ஏ. வகை. விலை கூட. இந்த இரண்டையும் விட எனக்குப் பிடித்தது மழைத் தண்ணீர். நூறு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் நூறு லீற்றர். மாரியில் ஐம்பது மில்லிமீற்றர் பெய்கிற நாளில் ஐயாயிரம் லீற்றர் பீலியால் ஓடி ஒழுங்கையில் கலக்கிறது. அதில் ஒரு தாங்கியளவு பிடித்து, இறுக மூடி வைத்து, சுண்ணாம்பு பொறுக்காத நாலைந்து சாடிகளுக்கு மட்டும் ஊற்றினால் மஞ்சள் நோயின் பாதி தொலையும். சாடி மண்ணில் தும்புச்சோறும் மக்கிய இலையெருவும் கூடுதலாக இருக்க வேண்டும். தும்புச்சோற்றைக் கழுவாமல் போடுகிறவர்கள் உப்பையும் சேர்த்தே போடுகிறார்கள்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும், கரையோரமாகப் பல ஊர்களிலும், நல்ல தண்ணீர்க் கிணறு வேறு, சவர்த் தண்ணீர்க் கிணறு வேறு. பூங்கன்றுக்கு வாய்ப்பது பெரும்பாலும் சவர்த் தண்ணீரே. அங்கே இலை விளிம்பு கருகுவது நோயல்ல, உப்புத்தான். எக்ஸோறா, றோசா, குறோட்டன் மூன்றும் அந்த வளவுகளுக்குச் சரிவராது. போகன்விலா நிற்கும். அலரி நிற்கும். பட்டிப்பூ தானாகவே முளைத்து நிற்கும். கடற்கரையோரத்துச் சங்கங்குப்பியைக் கத்தரித்து வேலியாக்கினால், மளமளப்பான கரும்பச்சையோடு உப்புக் காற்றுக்கும் அசையாமல் நிற்கும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க ஒருவருக்கும் மனம் வராது, கடற்கரையில் சும்மா கிடக்கிறதே என்பார்கள்.

சும்மா கிடைப்பதை மதித்த காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்து வளவின் முதல் செற்றை வரிசை அதன் வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருங்கை, வாதராணி, பிற்காலத்தில் கிளிசரியா என்று கதியால் வெட்டி ஊன்றி, இடையில் கிடுகோ பனையோலையோ கட்டி அடைப்பார்கள். அந்தக் கதியால் ஒவ்வொன்றும் கல்லுக்கு மேல் கிடக்கும் அரைமுழ மண்ணிலும் வேர்விட்டுக் கோடையைத் தாண்டியது. ஆண்டுக்கொரு முறை வேலி அடைக்கும்போது வெட்டுகிற குழை தோட்டத்தில் தாழ்க்கப் போகும், ஆட்டுக்குப் போகும். அழகுக்காக ஒருவரும் நடவில்லை. இருந்தும் ஒழுங்கையின் இருபுறமும் பச்சை தட்டி நின்றது. இன்று அந்த இடத்தில் மதில். கள்ளனைத் தடுக்கவும் எல்லைச் சண்டையைத் தவிர்க்கவும் மதில் வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் வெக்கையைக் கக்கும் மதிலின் முன்னால் மூன்றடி இடைவெளி கூட விடாமல் வைக்கும் கன்று, எரிகிற அடுப்புப் பக்கம் வைத்ததற்குச் சமம். மதிலை ஒட்டி நட்டே ஆகவேண்டுமென்றால் போகன்விலாவையோ மயில்கொன்றையையோ நடலாம். மென்மையானவற்றுக்கு வீட்டின் கிழக்குப் பக்கம்: காலை வெயில் கிடைக்கும், பின்னேர வெயிலும் சோளகமும் தாக்காது.

வேலிக்கு அடுத்தது சாமிப் பூ. ஒற்றைச் செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, பவளமல்லிகை, துளசி, வில்வம் என்று முற்றத்தில் இருந்தவற்றுக்கெல்லாம் விடியற்காலையில் ஒரு வேலை இருந்தது. பூக்கூடையோடு அம்மம்மா சுற்றிவரும் வளவில் எந்தச் செடிக்குப் புழு, எதற்குத் தண்ணீர் காணாது என்பது நாளாந்தம் கண்ணில் பட்டது. பராமரிப்பு என்று இன்று நாம் புத்தகம் தேடுவதில் முக்கால்வாசி அந்தக் காலைச் சுற்றில் அடக்கம். இந்த வரிசையில் நந்தியாவட்டைக்கு நாம் உரிய மதிப்புத் தரவில்லை. ஆண்டு முழுதும் பச்சை, அரைநிழலிலும் பூக்கும், கத்தரித்தால் அடர்ந்து வளரும். குட்டை வகையும் இப்போது கிடைக்கிறது. ஒழுங்காகக் கத்தரித்தால் இடுப்பளவில் நிறுத்தலாம்.

இனி ஊசியிலைக் குட்டை மரங்கள். மேனாட்டுத் தோட்டப் படங்களைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் காட்டும் முற்றங்களைப் பார்த்து, கூம்பு வடிவில் நிற்கும் குள்ளப் பைன், ஜூனிப்பர், தூஜா மேல் ஆசை வருவது இயல்பு. மலைநாட்டுப் பக்கமிருந்து லொறியில் வரும் கன்றுகள் அந்த ஆசைக்குத் தீனி. 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய ஹக்கல தாவரத் தோட்டத்தில் ஊசியிலை மரங்கள் செழிப்பது உண்மைதான். ஆனால் ஹக்கலவும் நுவரெலியாவும் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேல்; இரவில் குளிர் உண்டு, மண் புளிப்பு. அந்தக் குளிரில் பழகிய வேரை கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில், கிணற்றுத் தண்ணீரில், முப்பத்திரண்டு பாகை வெயிலில் வைக்கிறோம். சாடிச் சுவரோடு ஒட்டிய வேர் அவிந்துபோகிறது. வறண்ட காற்றில் சிலந்திப்பேன் கூடி உள்ளிலைகள் பழுப்பாகின்றன. பழுத்த ஊசியிலைக் கிளை திரும்பத் தளிர்ப்பது அரிது. செவ்வரத்தையைப் போல அடியோடு வெட்டி மீட்க முடியாது. நாலாயிரம் ஐயாயிரம் கொடுத்து வாங்கிய மரம் ஒரு கோடைக்குள் விறகாகும்.

எல்லா ஊசியிலையும் அப்படியல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீழைத் தூஜா என்னும் வகை சுண்ணாம்பு மண்ணைப் பொறுக்கும். தமிழ்நாட்டுச் சமவெளிப் பூங்காக்களிலும் பள்ளி முற்றங்களிலும் நிற்கிறது. ஊசியிலை இல்லாமல் மனம் ஆறாது என்பவர் வலிகாமத்துச் செம்மண்ணில், நீர் தேங்காத மேட்டில், நிலத்திலேயே அதை நடலாம். தீவகத்தில் வேண்டாம். கிறிஸ்மஸ் காலத்தில் சாடியில் விற்கும் அரக்கேரியா உப்புக் காற்றையும் தாங்கும், வெயிலையும் தாங்கும். குறை ஒன்றே ஒன்று, அது குட்டை மரம் அல்ல. நிலத்தில் வைத்தால் மின்கம்பியைக் கடந்து, பனையையும் கடந்து போகும். கூம்பு வடிவம் மட்டும்தான் வேண்டுமென்றால் சவுக்கைக் கத்தரிக்கலாம். மணற்காட்டின் மணலிலும், அதன் பெயரையே ஒரு கடற்கரை தாங்கும் காரைநகரிலும் அது தன்னை நிரூபித்துவிட்டது. சவுக்கு ஊசியிலை இனத்தைச் சேர்ந்ததல்ல, பார்வைக்கு அப்படித் தெரியும், அவ்வளவுதான். வேரில் வாழும் நுண்ணுயிர் அதற்குத் தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் வெறும் மணலிலும் வளர்கிறது. ஆண்டில் பலமுறை கத்தரி போட ஆளிருந்தால் இதைவிட மலிவான பச்சைக் கூம்பு கிடையாது.

ஆனால் குட்டைப் பசுமைச் செடிக்கு நாம் மலைநாட்டையோ மேனாட்டையோ பார்க்கத் தேவையே இல்லை. எங்கள் பற்றைக்காடுகள் இயற்கையாகவே குட்டையான, எப்போதும் பச்சையான செடிகளால் ஆனவை. காற்றும் வறட்சியும் சேர்ந்து அவற்றைக் குறுக்கி, இலையைத் தடிப்பாக்கி வைத்திருக்கின்றன. விராலி அவற்றில் முதன்மையானது: மினுங்கும் குறுகிய இலை, வெட்டிவிட்டால் நெருக்கமாகத் தளிர்க்கும், காற்றை மறிக்கும். கிளாச் செடியின் வெள்ளைப் பூ மணமுள்ளது, பழம் உண்ணலாம். முள் இருப்பதால் வேலிக்கும் ஆகும். பாவட்டை நிழலில் பூக்கும், எக்ஸோறாவின் உறவுக்காரி. குருந்தும் காரையும் உள்ளன. 1893 தொடக்கம் வெளிவந்த ஹென்றி ட்றைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே பதிந்தது. இன்று அந்தப் பெயர்களில் பலவற்றைக் கன்று விற்பவரிடம் சொன்னால் விழிப்பார். வறண்ட வலயத் தாவரங்களுக்கென்றே ஒரு தேசியத் தோட்டம் அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் இருக்கிறது. வடக்கின் கன்றுமேடைகளும் கார்த்திகைக் கண்காட்சிகளும் விராலிக்கும் பாவட்டைக்கும் ஒரு மேசை ஒதுக்கினால், வாங்க ஆள் வரும் என்றே நினைக்கிறேன். பற்றையிலிருந்து செடியைத் தோண்டி எடுத்துவருவது மட்டும் கூடாது: வேர் அறுந்த முதிர்ந்த செடி பிழைக்காது, பற்றையும் அழியும். விதையும் தண்டுத் துண்டுமே வழி.

வேலிச் செடி என்று இப்போது விற்பனையாகும் மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். மஞ்சள் இலை டுறாண்டா சுறுசுறுப்பாக வளரும். தண்ணீர் கேட்கும், கத்தரியும் கேட்கும், பழம் நஞ்சு. பைக்கஸ் வேலி ஆலின் இனம். கிணற்றுக் கட்டுக்கும் மலக்குழிக்கும் அருகில் வைத்தவர்கள் பிறகு வெடிப்புக்குக் காரணம் தேடக்கூடாது. வெங்காரை மணம் வீசும் நல்ல பசுஞ்செடி, சுண்ணாம்பையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் தேசி, தோடை மரங்களைத் தாக்கும் பசுமையாக்கல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி இதிலும் கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். தேசி மரம் வருமானம் தரும் வளவில் இதை வைக்க யோசிக்க வேண்டும். ஒருகாலத்தில் பூவுக்காகக் கொண்டுவந்த நாயுண்ணி வளவைத் தாண்டிக் காட்டைப் பிடித்துக்கொண்டது. புதுநிற வகைகளை மீண்டும் சாடியில் விற்பதைக் காண எரிச்சலாக இருக்கிறது.

பொன்னலரியைப் பற்றி நேராகச் சொல்வது நல்லது. வறட்சிக்கு அஞ்சாது, மஞ்சள் பூ தாராளம், கேட்காமலே முளைக்கும். வீட்டு வேலிகளில் அது பரவியதற்கு இவையே காரணம். அதன் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. 1988இலேயே யாழ்ப்பாண மருத்துவர்கள் 170 நோயாளரைப் பற்றி ஆய்வு எழுதும் அளவுக்கு அது இந்தக் குடாநாட்டின் துயரமாக இருந்தது. பூசைக்குப் பூ வேண்டுமென்றால் வேறு எத்தனையோ மஞ்சள் பூக்கள் உண்டு. வேலியில் நிற்கும் பொன்னலரியை வேரோடு எடுப்பதே என் ஆலோசனை. செவ்வலரி, அடீனியம், கார்த்திகைப்பூ எல்லாம் நஞ்சுள்ளவைதான். அவற்றைத் தவழும் குழந்தையும் ஆடும் எட்டாத இடத்தில் வைக்கலாம். கத்தரித்த கழிவை எரிக்கவோ ஆட்டுக்குப் போடவோ கூடாது.

பராமரிப்பில் நாள்காட்டி முக்கியம். புரட்டாதிக் கடைசியில், முதல் மழைக்குச் சற்று முன்னர் பெரிய கத்தரிப்பை முடித்தால், வரும் தளிர் முழு மாரியையும் குடித்துத் தேறும். செவ்வரத்தை, போகன்விலா, எக்ஸோறா மூன்றும் புதுக்கிளை நுனியிலேயே பூப்பவை. ஆகவே கத்தரித்தால் பூக் குறையும் என்ற பயம் வேண்டாம். நடுகை ஐப்பசி, கார்த்திகையில். குழி தோண்டிக் கல் முட்டினால் அலவாங்கால் உடைத்து வெடிப்பு விடவேண்டும். உடையாவிட்டால் மண்ணை மேலே உயர்த்தி மேடாக்கி நடலாம். அடியில் குழை தாழ்த்து, அது அவிந்து ஆறிய பிறகு கன்றை வைக்கவேண்டும். பச்சைக் குழைச் சூட்டில் வைத்த வேர் வெந்துபோகும். 2024 நவம்பர் வெள்ளம் பள்ளமான வளவுகளுக்கு இன்னொன்றையும் காட்டியது: வறட்சிக்கென்று நட்ட அடீனியமும் கள்ளியினமும்தான் நீர் தேங்கினால் முதலில் அழுகும். அவற்றுக்கு மேடை கட்டாயம்.

தண்ணீரை நாளாந்தம் தெளிப்பதை விட, வேர்வரை இறங்கும்படி சில நாட்களுக்கொருமுறை பாத்தியில் நிறைய விடுவதே மேல். மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே தங்கும். சுண்ணாம்பும் உப்பும் மேல்மண்ணில் சேரும். தென்னோலைச் சருகோ உமியோ மூன்று விரல் தடிப்பில் மூடுபடையாகப் போட்டால் இறைப்பு குறையும். போகன்விலாவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் வரும். வாடத் தொடங்கும்வரை காயவிட்டு ஊற்றினால் பூவால் மூடும். செவ்வரத்தைக்குப் பெரிய எதிரி வெண்மூட்டுப்பூச்சி. 2008இல் இலங்கைக்குள் நுழைந்த பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தையையும் விடவில்லை. மறு ஆண்டே அதைத் தின்னும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடும் நஞ்சு அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. ஆகவே நுனியை வெட்டி எடுத்து, மிச்சத்துக்குச் சவர்க்காரத் தண்ணீரைப் பீச்சியடித்தால் போதும். மாரியில் சாடித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள்: டெங்கு நுளம்பு தேடுவது அதையே. பரிசோதகர் வந்து தண்டம் எழுதுவதும் அதற்கே. வெளியிலிருந்து எரு மூட்டை வாங்கினால் பார்த்தீனியம் முளைக்கிறதா என்று ஒரு மாதம் கவனித்து, பூக்குமுன் பிடுங்கவேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது தடுக்கப்பட்ட களை.

எஞ்சுவது, அழகுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. பயிருக்கும் குடிப்பதற்கும் ஒரே நன்னீர்ப்படையை நம்பியிருக்கும் மண்ணில், புற்றரைக்கும் சாடிகளுக்கும் கோடை முழுதும் மோட்டர் போடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதிகம் இறைத்தால் உவர் மேலே ஏறும். ஏறிய உவர் எக்ஸோறாவைத்தான் முதலில் கொல்லும். உடுப்புத் துவைத்த தண்ணீரில் சோடாவும் காரமும் கூட என்பதால் அது எங்கள் மண்ணுக்கு ஆகாது. அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை முற்றத்துக்குத் திருப்பலாம். ஒரு வளவுக்குச் சாடியில் ஐந்தாறு செல்லப் பிள்ளைகள், அவற்றுக்கு மழைத் தாங்கி. மற்றதெல்லாம் முதல் இரண்டு கோடை மட்டும் ஊற்றி, மூன்றாம் கோடையில் தன் காலில் நிற்கும் விராலியும் நந்தியாவட்டையும் போகன்விலாவும். மதிலை இடிக்கச் சொல்ல முடியாது. அதன் உட்புறம் மூன்றடி விட்டு ஒரு வரி கிளுவைக் கதியாலை ஐப்பசியில் ஊன்றலாம். பக்கத்து வேலியில் கேட்டால் சும்மாவே கிடைக்கும்.